வாய்க்கால் பக்கத்துச் சுவர்

உறையில் பெயின்ட் நிறைய இருக்கும்போது ரோலர் சுவரில் ஏறி இறங்குவது பக்கத்து அறைக்குக் கேட்காது. பெயின்ட் தீரத் தீர, கரகரவென்று ஒட்டி ஒட்டிப் பிரிகிற சத்தம் எழும். அது கேட்டதும் கை தானாக வாளிக்குப் போக வேண்டும். இன்னும் நாலு இழுப்பு இழுத்துவிடலாம் என்று அமுக்கினால் பிடித்தது சனி. எங்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்த மேஸ்திரி, திண்ணையில் பீடி பிடித்துக்கொண்டே கூடத்தில் ஓட்டுகிற பையனை அதட்டுவார். “டேய், காயுதுடா. நனை.” பையனையும் பார்க்க மாட்டார், சுவரையும் பார்க்க மாட்டார். காது அவ்வளவு பழகியிருந்தது.

எங்கள் சுவர்கள் அதற்கு முன்னால் கேட்டதெல்லாம் மட்டைச் சத்தம்தான். சளப், சளப் என்று. மாயவரத்தில் மார்கழி பாதி தாண்டினால் அப்பா சுண்ணாம்புக்கல் வாங்கி வந்து, கொல்லையில் பாதியாக அறுத்த தார் டிரம்மில் கொட்டித் தண்ணீர் ஊற்றுவார். அடுப்பில்லாமல் தண்ணீர் கொதிப்பதைப் பார்க்கத் தெருப் பிள்ளைகள் எல்லாம் வந்துவிடுவோம். கண்ணில் தெறித்தால் கண் போய்விடும் என்று அம்மா கத்திக்கொண்டே இருப்பாள். அவள் சொன்னது மிகையில்லை. நீர்த்துப்போகிற சுண்ணாம்பின் சூடும் காரமும் அப்படிப்பட்டவை. ராத்திரி முழுக்க ஆறவிட்டு, பழைய வேட்டியில் வடிகட்டி, கைப்பிடி உப்பு, வடித்த கஞ்சி, வெளுப்புக்குக் கொஞ்சம் நீலம் சேர்ப்பார்கள். உப்பும் கஞ்சியும் சுவரைப் பிடித்துக்கொள்வதற்கு. நசுக்கி நார் நாராக்கிய மட்டைதான் பிரஷ்.

அடிக்கும்போது சுண்ணாம்பு வெள்ளையாகவே தெரியாது. சுவர் நனைந்து கருத்துக் கிடக்கும். “தண்ணியாக் கலந்துட்டீங்களா?” என்று அம்மா வருஷா வருஷம் கேட்பாள். அப்பா பதில் சொல்ல மாட்டார். விடிந்து கதவைத் திறந்தால் கண் கூசும். காற்றிலிருக்கும் கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு சுண்ணாம்பு மறுபடியும் கல்லாகிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்தபோது எனக்கு அந்தக் காலை நேரத்துக் கூடம்தான் கண் முன்னால் வந்தது. ஈரம் காய்ந்த பிறகும் பல நாள் அந்த வேலை சுவரில் நடந்துகொண்டே இருக்கும்.

வாய்க்கால் பக்கத்துச் சுவரில் மட்டும் வெள்ளை சீக்கிரம் ஏறாது. ஐப்பசி, கார்த்திகை மழைக்கு அந்தச் சுவர் இடுப்பு உயரம் வரை ஓதம் குடித்துக் கருத்திருக்கும். செங்கல்லும் சுண்ணாம்புக் காரையுமாக எழுப்பிய பழைய சுவர். பொங்கலுக்கு அடித்த சுண்ணாம்பு அடுத்த மழைக்குள் மாவாக உதிர்ந்து, சாய்ந்து உட்கார்ந்தவர் முதுகில் எல்லாம் ஒட்டும். ஆனால் ஒருநாளும் கொப்புளம் விட்டதில்லை, தோலாக உரிந்ததில்லை. அதன் அருமை அப்போது யாருக்கும் தெரியவில்லை. முதுகு வெள்ளையானதுதான் எல்லோருக்கும் குறையாகத் தெரிந்தது.

அக்கா கல்யாணத்துக்கு டிஸ்டம்பர் வந்தது. கூடத்துக்கு வெளிர் பச்சை, உள்ளறைக்கு ரோஸ். அந்தக் காலத்தில் பாதி வீடுகள் இந்த இரண்டு நிறங்களில்தான் இருந்தன. மற்ற பாதி வானநீலம். கடை வாசலில் தகரப் பலகையில் கட்டூ நின்றிருப்பான். ஆர். கே. லக்ஷ்மண் 1954இல் ஏஷியன் பெயின்ட்ஸ் கம்பெனிக்கு வரைந்து கொடுத்த பையன். நெற்றியில் விழுந்த முடி, கையில் பெயின்ட் சொட்டுகிற பிரஷ். நான் பார்த்த பலகைகளில் எல்லாம் அவன் கையில் பிரஷ்தான் இருந்தது, ரோலர் இருந்ததில்லை.

மேஸ்திரி எங்கள் வீட்டுக்குள் வந்ததும் அந்தக் கல்யாணத்தில்தான். ஐந்து அங்குல பிரஷ் ஒன்று வைத்திருந்தார். அதை யாரும் தொடக் கூடாது. புதுப் பிரஷ்ஷை நேராகக் கடைசிக் கோட்டில் இறக்க மாட்டார். முதலில் பிரைமரில் ஓட்டி, உதிர்கிற மயிரெல்லாம் உதிர்ந்து, முனை தேய்ந்து மெத்தென்று ஆன பிறகுதான் அதற்குப் பதவி உயர்வு. குறுக்கே ஒரு இழுப்பு, நெடுக்கே ஒரு இழுப்பு, கடைசியில் மேலிருந்து கீழே மயிரிழை போலத் தடவி விடுவார். எட்டத்தில் நின்று பார்த்தால் பிரஷ் பட்ட தடமே இருக்காது. அவருடைய கர்வமெல்லாம் அந்தக் கடைசித் தடவலில் இருந்தது.

அப்படிப்பட்டவர் கையில் முதல்முதலாக ரோலரைப் பார்த்தபோது அம்மாதான் சிரித்தாள். “என்ன மேஸ்திரி, பூரிக்கட்டைக்குப் பஞ்சு சுத்திக்கிட்டு வந்திருக்கீங்க?” அவருக்கும் கொஞ்சம் வெட்கம்தான். கும்பகோணத்தில் ஒரு லாட்ஜ் வேலைக்குப் போன இடத்தில் மெட்ராஸ் ஆட்கள் ஓட்டுவதைப் பார்த்து வாங்கியிருந்தார். 1940இல் கனடாவின் டொரண்டோ நகரத்தில் நார்மன் பிரேக்கி என்பவர் இதைச் செய்தார் என்று பின்னாளில் படித்தேன். பெரிய அளவில் செய்து விற்க அவரிடம் முதல் இல்லை. அங்கே இங்கே கொஞ்சம் மாற்றி மற்றவர்கள் காசு பார்த்தார்கள். வாய்க்கால் தெருவுக்கு அது வந்து சேர அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. தாமதத்துக்குக் காரணமும் உண்டு. சுண்ணாம்புத் தண்ணீரை ரோலரில் ஓட்ட முடியாது, முழங்கை வழியாக ஒழுகும். எமல்ஷன் மாதிரி கொஞ்சம் கனமான பெயின்ட் வந்த பிறகுதான் அதற்கு இங்கே வேலை வந்தது.

பிரஷ்காரர் ரோலர்காரர் ஆவது சுலபமில்லை. பிரஷ் பிடித்த கை அமுக்கும். ரோலர் அமுக்கினால் கோபித்துக்கொள்ளும்; உறையின் இரண்டு ஓரத்திலிருந்தும் பெயின்ட் பிதுங்கித் தண்டவாளம் போட்டுவிடும். அந்தக் கோடு காய்ந்தபின் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால்தான் போகும். மேஸ்திரி முதல் நாள் முழுக்கத் தண்டவாளமாகவே போட்டார். யாரும் சிரிக்கவில்லை. மறுநாள் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார்: கைப்பிடியை முழுக் கையால் பிடிக்காமல், ஏணியே வேண்டாம் என்று நீளக் கழியைச் செருகிக்கொண்டு, இரண்டு கையாலும் தளர்வாகப் பிடித்து ஓட்டினார். கழி நீண்டால் அமுக்க முடியாது. தோளும் வலிக்காது. பிறகு எத்தனையோ பேர் ஏணியில் நின்று, ஒரு கையால் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் ரோலரை அழுத்து அழுத்தென்று அழுத்துவதைப் பார்த்துவிட்டேன். கழி விலை ஒன்றும் பெரிதில்லை.

சாதாரணமாக ஒன்பது அங்குல ரோலர். கதவுக்கும் ஜன்னலுக்கும் நடுவே சிக்கிய துண்டுச் சுவருக்கும் குழாய்க்குப் பின்னாலும் நாலு அங்குலம். கடையில் இந்த அளவைத்தான் கேட்பார்கள். உறையின் ரோமம் எவ்வளவு நீளம் என்று நம் ஆட்கள் கேட்பது அபூர்வம். பார்க்க வேண்டியது அதைத்தான். பட்டி பார்த்து வழவழவென்று தேய்த்த சுவருக்குக் குட்டை ரோமம் போதும், ஆறு முதல் பத்து மில்லிமீட்டருக்குள். மணல் பூச்சு தெரிகிற சொரசொரப்பான சுவருக்கு நீள ரோமம் வேண்டும், இல்லையென்றால் பள்ளத்துக்குள் பெயின்ட் இறங்காது. நீள ரோமத்தை வழவழச் சுவரில் ஓட்டினால் ஆரஞ்சுப் பழத் தோல் மாதிரி புள்ளி புள்ளியாக நிற்கும். ஸ்பாஞ்சு ரோலர் கதவு எனாமலுக்குச் சரி. சுவரில் நுரை கட்டி ஊசி ஊசியாகக் குமிழ் விடும்.

புது உறை பஞ்சு உதிர்க்கும். மேஸ்திரி அதைச் சோப்புப் போட்டு அலசி, உதறி, சைக்கிள் ஹேண்டில்பாரில் காயப்போடுவார். அவசரமென்றால் பார்சல் ஒட்டுகிற டேப்பைச் சுற்றி ஒட்டி உரித்தெடுப்பார். உதிரி ரோமமெல்லாம் டேப்போடு வந்துவிடும். ஓட்டப்போகும் முன் லேசாகத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து கொள்வார். காய்ந்த உறை முதலில் பெயின்ட்டைச் சமமாகக் குடிக்காது.

வெளிநாட்டுப் படங்களில் சரிவான தட்டு ஒன்றில் ரோலரைத் தோய்ப்பார்கள். எங்கள் ஊரில் அந்தத் தட்டை நான் பார்த்ததில்லை. இருபது லிட்டர் வாளிக்குள் ஒரு பிளைவுட் துண்டைச் சாய்த்து வைத்திருப்பார்கள். ரோலரை முழுக்க முக்காமல், பாதி உறை நனைய நனைத்து, அந்தப் பலகையில் மேலும் கீழும் ஓட்டி ஓட்டி எடுக்க வேண்டும். உறை முழுக்க ஒரே மாதிரி ஈரம் ஏறியிருக்க வேண்டும். தூக்கினால் சொட்டக் கூடாது. இந்த இடத்தில் அவசரப்படுகிறவர்கள் வீட்டில் தரையெல்லாம் புள்ளி. வேகமாக ஓட்டினாலும் புள்ளி தெறிக்கும். கண்ணாடிக்காரர்களுக்கு இது நன்றாகவே தெரியும்.

பிறகு சுவர். மேலே கூரை முடித்துத்தான் சுவருக்கு வர வேண்டும். கூரை ஓரம், மூலை, சுவிட்ச் போர்டு, நிலை இவற்றைச் சுற்றி இரண்டு மூன்று அங்குலத்துக்குப் பிரஷ்ஷால் கட்டிங் அடித்து, அது ஈரமாக இருக்கும்போதே ரோலரைக் கொண்டு சேர்க்க வேண்டும். கட்டிங் முழுவதையும் காலையில் முடித்துவிட்டுச் சாப்பாட்டுக்குப் பிறகு ரோலர் எடுக்கிற ஆட்களைக் கண்டால் எனக்கு ஆகாது. சுவரைச் சுற்றி ஃபிரேம் போட்டாற்போல ஒரு பட்டை தெரியும்; பிரஷ் பட்ட இடத்தின் முகம் வேறு, ரோலர் பட்ட இடத்தின் முகம் வேறு. ரோலரை எவ்வளவு ஓரம் கொண்டுபோக முடியுமோ அவ்வளவு கொண்டுபோய்ப் பிரஷ் தடத்தை அழிக்க வேண்டும்.

ரோலரை எடுத்ததும் நேர்கோட்டில் ஓட்டக் கூடாது. மூன்றடிக்கு மூன்றடி இடம் என்று மனதில் வைத்துக்கொண்டு, வளைத்து வளைத்து மேலும் கீழுமாகப் பெயின்ட்டை அங்கங்கே இறக்கிவிட்டு, நடுவில் விட்ட இடங்களை நிரப்பி, கடைசியில் கனமே இல்லாமல் மேலிருந்து கீழே ஓட்டி முடிக்க வேண்டும். ரோலரின் கம்பி ஒரு பக்கம்தான் வளைந்து கைப்பிடிக்கு வரும். அந்தப் பக்கம் எப்போதும் கொஞ்சம் பாரம் அதிகம். அதனால் ஏற்கெனவே அடித்த இடத்தின் பக்கம் திறந்த ஓரம் இருக்கும்படி பிடித்தால் கோடு விழாது. இதை மேஸ்திரி யாருக்கும் வாயால் சொல்லித் தந்து நான் கேட்டதில்லை. பையன் தப்பாகப் பிடித்தால் கழியைப் பிடுங்கித் திருப்பிக் கையில் கொடுப்பார், அவ்வளவுதான்.

அடுத்த மூன்றடிக்குப் போகும்போது முந்தைய ஓரம் ஈரமாக இருக்க வேண்டும். சித்திரை வெயிலில் இது பெரிய பாடு. எமல்ஷனில் தண்ணீர் ஆவியாகும்போதுதான் பிசின் துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து தோலாகின்றன; அந்தத் தோல் பாதி பிடித்த நேரத்தில் ரோலர் மேலே ஏறினால் அங்கங்கே திட்டாக இழுக்கும். வேலைக்காரர்களுக்கு வியர்க்கிறதே என்று அம்மா ஃபேனைப் போட்டுவிடுவாள். மேஸ்திரி வந்து நிறுத்துவார். அம்மா போடுவாள். அவர் நிறுத்துவார். “ஆளு காஞ்சாப் பரவாயில்லம்மா, சுவரு காயக் கூடாது.” கடைசியில் அவர்களுக்கு மோர் கொடுத்துச் சமாதானமாகிவிட்டாள்.

அந்த வாய்க்கால் பக்கத்துச் சுவருக்கும் எமல்ஷன் அடிக்க வேண்டும் என்று அப்பா பிடிவாதமாக நின்ற வருஷம் நினைவு வருகிறது. மேஸ்திரி வேண்டாம் என்றார். “ஓதம் கீழேர்ந்து ஏறுது ஐயா. மேலே பிளாஸ்டிக் கணக்கா மூடினா அது எங்க போகும்?” அப்பாவுக்கு முதுகு வெள்ளையாகாத சுவர் வேண்டும். பழங்காரையைச் சுரண்டி, வெள்ளைச் சிமென்ட் பட்டி இரண்டு கை பார்த்து, பிரைமர் ஒரு கோட், எமல்ஷன் இரண்டு கோட். ரோலரில் ஓட்டி முடித்த அன்று அந்தச் சுவர் மாதிரி அழகு வீட்டிலேயே இல்லை. கார்த்திகையில் முழங்கால் உயரத்தில் கொப்புளம். தொட்டால் உள்ளே வெள்ளை உப்பு பூத்திருந்தது. தை பிறப்பதற்குள் அப்பளமாக உரிந்தது. தெருவில் வந்தவர் போனவரெல்லாம் ரோலரைக் குறை சொன்னார்கள். பிரஷ்ஷில் அடித்திருந்தால் பிடித்திருக்கும் என்றார்கள். ரோலர் என்ன செய்யும், பாவம்.

செட்டிநாட்டில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து அரைத்துப் பூசிய சுண்ணாம்புச் சுவர்களைப் பார்த்திருக்கிறேன். தலைமுறை தாண்டியும் கை வைத்தால் வழுக்குகிறது. அந்தப் பக்கத்திலேயே சில வீடுகளில் அதைக் கொத்திவிட்டுச் சிமென்ட் பூசி, பட்டி பார்த்து, ரோலர் ஓட்டி, ஓரத்தில் ஓதம் வழிய நிற்கிற சுவர்களையும் பார்த்தேன். எனக்கு ரோலர்மேல் பிரியம் உண்டு. ஆனாலும் சுண்ணாம்புக் காரை வீட்டுக்குள் எந்தப் பெயின்ட் வாளி வந்தாலும் வாசலிலேயே ஒருமுறை நிறுத்தி விசாரிக்க வேண்டும் என்பேன்.

சிமென்ட் சுவருக்குப் பட்டி இல்லாமல் முடியாது. ரோலர் வேலையில் முக்கால்வாசி அங்கேதான் இருக்கிறது. மேஸ்திரி பட்டி காய்ந்து தேய்த்த பிறகு ராத்திரிக்காகக் காத்திருப்பார். நீள ஒயரில் கட்டிய பல்பைச் சுவரோடு ஒட்டிப் பிடிப்பார். வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது, பகலில் கண்ணாடி மாதிரி தெரிந்த சுவரில் மேடும் பள்ளமும் நிழல் விட்டு எழும். பென்சிலால் வட்டம் போடுவார். மறுநாள் அந்த வட்டங்களை மட்டும் மறுபடி பட்டி பார்த்து உப்புத்தாள் போடுவார்கள். ஜன்னலை ஒட்டிய சுவருக்கு வட்டம் எப்போதும் அதிகம். மாலை வெயில் அதன்மேல்தான் சாய்ந்து விழும். மினுமினுப்பான பெயின்ட் கேட்கிறவர்களிடம் இந்த பல்பைப் பிடித்துக் காட்டிவிட்டு, “இதெல்லாம் தெரியும், பரவாயில்லையா?” என்பார். பாதிப் பேர் மினுமினுப்பு வேண்டாம் என்று விடுவார்கள்.

தேய்ப்பதைச் சொல்லும்போது ஒன்று. பழைய எனாமல் அடித்த கதவையும் நிலையையும் உலர்வாகத் தேய்த்துத் தூசி பறக்கவிடக் கூடாது. வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்ட்டில் எவ்வளவு இருக்கிறதோ யார் கண்டது. நனைத்துத் தேய்க்க வேண்டும், பிள்ளைகளை அந்தப் பக்கம் விடக் கூடாது. மேஸ்திரி காலம் முழுக்கத் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டுதான் தேய்த்தார். அந்தத் துண்டு எதைத் தடுத்திருக்கும் என்று இப்போது நினைத்தால் கஷ்டமாக இருக்கிறது.

எவ்வளவு பெயின்ட் என்று கேட்டால், தரைப் பரப்பை மூன்றரையால் பெருக்கிச் சுவர்க்கணக்குச் சொல்வார். வாளியைத் திறக்கும்போது பையன்கள் கழுத்தை நீட்டுவார்கள், உள்ளே டோக்கன் இருக்கும். பெயின்ட் கம்பெனி பெயின்டருக்கு வைக்கிற காசு அது. வீட்டுக்காரர் பார்க்கும் முன் அது மடியில் போய்விடும். அப்பா பார்த்தும் பார்க்காததுபோலத் திரும்பிக்கொள்வார். இரண்டு வாளி என்றால் இரண்டையும் பெரிய டிரம்மில் கொட்டிக் கலக்கிவிட்டுத்தான் ஆரம்பிப்பார். கடை மெஷினில் ஒரே நம்பர் போட்டுக் கலந்தாலும் ஒரு சொட்டு முன்னே பின்னே ஆகும். சுவர் நடுவில் வாளி மாறினால் காட்டிக் கொடுத்துவிடும்.

மதியச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது ரோலரை பாலிதீன் பையில் சுருட்டிக் கட்டி வைப்பார்கள். சாயங்காலம் பட்டி பார்க்கிற தகட்டால் உறையை வழித்து வாளிக்குள் விட்டு, தெளிந்த தண்ணீர் வரும் வரை அலசி, நிமிர்த்தி வைப்பார்கள். படுக்க வைத்தால் ஒரு பக்கம் ரோமம் நசுங்கிவிடும். பிறகு அந்த உறை சுவரில் குதித்துக் குதித்துப் போகும்.

வீடு இப்போது அக்கா பிள்ளை கையில் இருக்கிறது. வாய்க்கால் பக்கத்துச் சுவரில் சிமென்ட்டையும் பட்டியையும் இடுப்பு உயரத்துக்குக் கொத்தி எடுத்துவிட்டு மறுபடி சுண்ணாம்புக்கே போய்விட்டான். அது அவனாகவே எடுத்த முடிவு. அதற்கு ஈடாகக் கூடத்தில் ஒரு சுவருக்கு மட்டும் கடல் நீலம் அடிக்கப் போகிறானாம், தானே. கரும் நிறம் இரண்டு கோட்டில் மூடாது, பிரைமரிலேயே கொஞ்சம் நீலம் கலந்துகொள் என்றேன். பின்னால் திட்டுத் திட்டாகப் பிரஷ்ஷால் தொட்டு வைக்காதே, டச்சப் என்றாலும் அதே ரோலரால்தான் என்றேன். எல்லாவற்றுக்கும் சரி சரி என்றவன், “சித்தி, பரணில் பழைய ரோலர் ஒண்ணு கிடக்கு, அது போதுமில்ல?” என்று கேட்டான். அந்த உறையின் அடியில் எந்த வருஷத்து வெள்ளையோ இறுகிக் கிடக்கிறது. கம்பியையும் கழியையும் எடுத்துக்கொள், உறை மட்டும் புதுசு வாங்கு, வாங்கியதும் அலசு என்று சொல்லியிருக்கிறேன். நாளைக்குக் கடைக்குப் போவதாகச் சொன்னான்.